சுங்க வரி யார் கையில்? நாடாளுமன்றமா, அரசா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 ஆகஸ்ட் 27 அன்று, அமெரிக்காவுக்குள் நுழையும் பல இந்தியப் பொருட்கள் மீதான கூடுதல் வரி 50 சதவீதத்தைத் தொட்டது. முதலில் 25, பிறகு ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்காக இன்னொரு 25. இதற்காக அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் ஒரு வாக்கெடுப்பும் நடக்கவில்லை. அதிபர் கையெழுத்திட்ட ஆணைகளே போதுமானவையாக இருந்தன. வரி விதிப்பது மக்கள் பிரதிநிதிகளின் வேலை என்று பள்ளியில் படித்த எவருக்கும் இது இடறும். அந்த இடறலிலிருந்து எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்ல முயன்றிருக்கிறேன்.

வர்த்தகக் கொள்கை என்பதில் எவையெல்லாம் அடங்கும்?

இறக்குமதி வரி எவ்வளவு, எந்தப் பொருளை ஏற்றுமதி செய்யக் கூடாது, எந்த நாட்டோடு என்ன ஒப்பந்தம் என்ற மூன்றும் முக்கியமானவை. முதலாவது வரி, இரண்டாவது ஒழுங்குமுறை, மூன்றாவது வெளியுறவு. இந்த மூன்றாவதுதான் சிக்கலை உண்டாக்குகிறது. வரியும் ஒழுங்குமுறையும் நாடாளுமன்றத்துக்கு உரியவை. வெளிநாட்டோடு பேசுவதோ எங்குமே அரசின் வேலை. ஒரே பொருள் இரண்டு பேர் எல்லைக்குள்ளும் கிடக்கிறது.

அமெரிக்க அரசியல் சட்டம் இந்த அதிகாரத்தை யாருக்குக் கொடுத்தது?

ஐயத்துக்கு இடமின்றி காங்கிரஸுக்கு. அரசியல் சட்டத்தின் முதல் பிரிவிலேயே, எட்டாவது உட்பிரிவில், சுங்க வரி விதிப்பதும் வெளிநாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்துவதும் காங்கிரஸின் அதிகாரம் என்று எழுதப்பட்டிருக்கிறது. அந்த நாட்டின் முதல் சுங்க வரிச் சட்டத்தில் ஜார்ஜ் வாஷிங்டன் கையெழுத்திட்டது 1789 ஜூலை 4. அதற்குப் பிறகு ஏறத்தாழ 145 ஆண்டுகள், எந்தப் பொருளுக்கு எத்தனை சதவீதம் என்பதைக் காங்கிரஸ்தான் முடிவு செய்தது. 1913-இல் வருமான வரிக்கு வழி திறக்கும்வரை கூட்டாட்சி அரசின் பெரும் வருவாயும் அதிலிருந்துதான் வந்தது.

அப்படியானால் காங்கிரஸ் அதை ஏன் விட்டுக்கொடுத்தது?

தன் கையால் பட்ட சூட்டினால். 1929-இல் விவசாயிகளுக்கு மட்டும் கொஞ்சம் பாதுகாப்பு கொடுப்போம் என்று ஒரு மசோதா தொடங்கியது. ஒரு தொகுதியில் காலணி ஆலை இருந்தது, இன்னொன்றில் சர்க்கரை ஆலை, மூன்றாவதில் சிமெண்ட். உன் பொருளுக்கு நான் வாக்களிக்கிறேன், என் பொருளுக்கு நீ வாக்களி என்று உறுப்பினர்கள் கைமாற்றிக்கொண்டார்கள். மேலவையான செனட்டில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட திருத்தங்கள் சேர்ந்தன. செனட்டர் ஸ்மூட், பிரதிநிதி ஹாலி ஆகியோர் பெயரால் அழைக்கப்படும் அந்தச் சட்டத்துக்குக் கையெழுத்திட வேண்டாம் என்று ஆயிரத்துக்கும் அதிகமான பொருளாதார அறிஞர்கள் அதிபர் ஹூவருக்கு எழுதினார்கள். 1930 ஜூனில் அவர் கையெழுத்திட்டார். கனடாவும் ஐரோப்பிய நாடுகளும் பதிலுக்கு வரியை உயர்த்தின. உலக வணிகம் அடுத்த சில ஆண்டுகளில் சரிந்ததற்கு இந்தச் சட்டம் மட்டுமே காரணம் அல்ல. உலகப் பொருளாதாரச் சரிவான பெருமந்தம் ஏற்கெனவே தொடங்கிவிட்டது. ஆனாலும் எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றியவர்கள் என்ற பெயர் காங்கிரஸுக்கு வந்து ஒட்டிக்கொண்டது.

இது ஒரு காலத்து உறுப்பினர்களின் குணக்கேடு அல்ல. வரியால் லாபம் பெறும் ஆலை ஒரு தொகுதியில் திரண்டு நிற்கிறது; அதன் முதலாளியும் தொழிலாளியும் உறுப்பினரின் வாசலுக்கே வருகிறார்கள். விலை உயர்வால் இழப்பவர்களோ நாடெங்கும் சிதறிக் கிடக்கிறார்கள். ஆளுக்குச் சில காசு இழப்புக்காக யாரும் ஊர்வலம் போவதில்லை. தொகுதிவாரியாகத் தேர்ந்தெடுக்கப்படும் எந்த அவைக்கும் இந்தச் சாய்வு உண்டு. நாடாளுமன்றத்தின் உரிமையை மிகவும் மதிக்கிறவன் நான். ஆனால் இந்த உண்மையை மறைத்துக்கொண்டு அதற்காக வாதாட முடியாது.

1934-இல் நடந்தது என்ன?

என் பார்வையில் இந்தக் கதையின் மிக நேர்த்தியான அத்தியாயம் அதுதான். ரூஸ்வெல்ட் அரசில் வெளியுறவு அமைச்சராக இருந்த கார்டெல் ஹல் முன்னின்று கொண்டுவந்த பரஸ்பர வர்த்தக ஒப்பந்தச் சட்டம், பிற நாடுகளோடு பேசி வரியைப் பாதிவரை குறைக்கும் அதிகாரத்தை அதிபருக்கு அளித்தது. ஒவ்வொரு ஒப்பந்தத்தையும் காங்கிரஸுக்குக் கொண்டுவரத் தேவையில்லை. 1945-க்குள் 27 நாடுகளோடு 32 ஒப்பந்தங்கள் ஆயின.

பலரும் கவனிக்காமல் விடும் ஒரு வரி அந்தச் சட்டத்தில் இருந்தது: இந்த அதிகாரம் மூன்று ஆண்டுகளுக்கு மட்டும். மூன்றாண்டு முடிந்ததும் அதிபர் மீண்டும் காங்கிரஸின் படியேற வேண்டும். காங்கிரஸ் எதுவும் செய்யாமல் கைகட்டி உட்கார்ந்திருந்தாலே அதிகாரம் தானாக அதனிடம் திரும்பிவிடும்.

மௌனம் சம்மதம் என்கிறோம். இந்த விவகாரம் முழுவதிலும் கேட்க வேண்டிய கேள்வி அதுவே: அவை மௌனமாக இருந்தால் அது யாருக்குச் சம்மதம்? 1934-இல் மௌனம் காங்கிரஸுக்குச் சாதகமாக இருந்தது. பின்னால் வந்த சட்டங்களில் அது மெல்லத் தலைகீழானது.

எப்படித் தலைகீழானது?

1962-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 232-ஆம் பிரிவு, தேசப் பாதுகாப்புக்கு ஆபத்து என்று தோன்றும் இறக்குமதியைக் கட்டுப்படுத்த அதிபருக்கு அதிகாரம் தந்தது. அதற்குக் காலக்கெடு இல்லை. நீண்ட காலம் அபூர்வமாகவே பயன்பட்ட அந்தப் பிரிவை வைத்து, 2018-இல் எஃகுக்கு 25 சதவீதமும் அலுமினியத்துக்கு 10 சதவீதமும் வரி விதிக்கப்பட்டது. ராணுவக் கூட்டாளியான கனடாவின் எஃகும் தப்பவில்லை. 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 301-ஆம் பிரிவு, நியாயமற்ற முறையில் வணிகம் செய்யும் நாடுகள் மீது பதிலடி கொடுக்க வழிசெய்தது. சீனாவுக்கு எதிராக எடுக்கப்பட்டது இதுதான். அதே சட்டத்தின் 122-ஆம் பிரிவில் மட்டும் பழைய ஒழுங்கு மிஞ்சியிருக்கிறது: அதிகபட்சம் 15 சதவீதம், 150 நாட்கள், அதற்கு மேல் நீட்டிக்கக் காங்கிரஸ் சட்டம் இயற்ற வேண்டும்.

கொடுத்த அதிகாரத்தைக் காங்கிரஸ் நினைத்தால் திரும்பப் பெறலாம்தானே?

காகிதத்தில் பெறலாம். 1970-களில் காங்கிரஸ் அதிகாரத்தைக் கொடுக்கும்போதே ஒரு கயிற்றையும் கட்டிக் கொடுத்தது: அதிபரின் முடிவு பிடிக்காவிட்டால் அதிபரின் கையெழுத்து இல்லாமலே தீர்மானம் போட்டு அதை ரத்து செய்யலாம். 1983-இல் சாதா என்பவரின் குடியேற்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தக் கயிற்றை அறுத்தது. சட்டத்தின் விளைவை மாற்றும் எதுவும் இரு அவைகளிலும் நிறைவேறி அதிபரின் மேசைக்குப் போக வேண்டும் என்று தீர்ப்பு. வழக்குக்கும் வணிகத்துக்கும் தொடர்பே இல்லை. ஆனால் அதன் விளைவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அதிபர் தன் வரியைத் தானே ரத்து செய்யும் தீர்மானத்தில் கையெழுத்திடப் போவதில்லை. அவர் தடுத்தால் அதை மீற ஒவ்வொரு அவையிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். அதிகாரத்தைக் கொடுக்கப் பாதிக்கு மேல் ஒருவர் போதும், திரும்பப் பெற மூன்றில் இரண்டு பங்கு வேண்டும்.

2025-இல் இதுவும் போதாதென்று இன்னொன்று நடந்தது. அந்த ஆண்டு அதிபர் பல வரிகளை விதித்தது, தேசிய அவசரநிலை என்று அறிவித்து அதன் பேரில். அவசரநிலையை முடிவுக்குக் கொண்டுவரும் தீர்மானம் வந்தால் குழு 15 நாட்காட்டி நாட்களுக்குள் அதை அவைக்கு அனுப்ப வேண்டும் என்பது 1976-ஆம் ஆண்டுச் சட்டம். கீழவையான பிரதிநிதிகள் சபை மார்ச் மாதத்தில் ஒரு விதியை நிறைவேற்றியது: கனடா, மெக்சிகோ, சீனா மீதான வரிகளுக்கு அடிப்படையான அவசரநிலைகளைப் பொறுத்தவரை, அந்தக் கூட்டத்தொடரில் மீதமுள்ள எந்த நாளும் நாட்காட்டி நாளாகக் கருதப்படாது. சூரியன் உதித்தது, மறைந்தது. நாள் மட்டும் நகரவில்லை. செனட் ஏப்ரல் 2 அன்று 51-48 என்ற கணக்கில் கனடா மீதான அவசரநிலையை முடிக்க வாக்களித்தபோதும், அந்தத் தீர்மானம் கீழவையில் அப்படியே கிடந்தது. ஒரு அவையின் உரிமையை வெளியிலிருந்து யாரும் பறிக்கவில்லை. அதன் உறுப்பினர்களே வாக்களித்து ஒதுக்கி வைத்தார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

நீதிமன்றங்கள் தலையிடவில்லையா?

தலையிட்டன. 2025-இல் பெரும்பாலான நாடுகள் மீது வரி விதிக்க அதிபர் டிரம்ப் கையில் எடுத்தது 1977-ஆம் ஆண்டின் சர்வதேச அவசரகாலப் பொருளாதார அதிகாரச் சட்டம். அந்தச் சட்டத்தில் சுங்க வரி என்ற சொல்லே இல்லை; இறக்குமதியை ஒழுங்குபடுத்தலாம் என்று மட்டும் இருக்கிறது. சர்வதேச வர்த்தக நீதிமன்றம் மே மாதத்திலும் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆகஸ்டிலும் அரசுக்கு எதிராகத் தீர்ப்பளித்தன. 2026 பிப்ரவரி 20 அன்று உச்ச நீதிமன்றம் 6-3 என்ற பெரும்பான்மையில், அந்தச் சட்டம் வரி விதிக்க அதிகாரம் தரவில்லை என்று சொன்னது. அதிபர் உடனே நாடியது, மேலே சொன்ன 122-ஆம் பிரிவை. 150 நாள் கடிகாரம் உள்ள அதே பிரிவு.

நீதிமன்றம் சொன்னது, இந்தச் சட்டத்தில் இந்த அதிகாரம் இல்லை என்பதுதான். 232, 301 ஆகிய பிரிவுகள் அப்படியே நிற்கின்றன.

'விரைவுப் பாதை' என்று ஒன்றைச் சொல்கிறார்களே, அது என்ன?

ஒப்பந்தத்தை அரசு பேசி முடித்த பிறகு காங்கிரஸ் அதில் ஒரு வரியைத் திருத்தினாலும் எதிர்த்தரப்பு நாடு மீண்டும் மேசைக்கு வர வேண்டும். அதனால் 1974-இல் ஓர் ஏற்பாடு செய்தார்கள். பேச்சுவார்த்தையின் நோக்கங்களைக் காங்கிரஸ் முன்கூட்டியே சொல்லும்; முடிந்த ஒப்பந்தத்துக்குக் குறித்த நாட்களுக்குள், திருத்தம் இன்றி, ஆம் அல்லது இல்லை என்று வாக்களிக்கும். வட அமெரிக்கத் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் 1993-இல் கீழவையில் 234-200 என்று நிறைவேறியது இப்படித்தான். இந்த அதிகாரத்துக்கும் காலக்கெடு உண்டு. கடைசியாக 2015-இல் கொடுக்கப்பட்டது 2021 ஜூலை 1 அன்று காலாவதியானது.

இது அவையின் நடைமுறை விதி மட்டுமே என்பதை 2008-இல் கீழவைத் தலைவராக இருந்த நான்சி பெலோசி காட்டினார். கொலம்பிய ஒப்பந்தத்தை அதிபர் புஷ் அனுப்பியபோது, வாக்கெடுப்புக்கான காலக்கெடுவை அவை தன் விதியைக் கொண்டே நீக்கியது. ஒப்பந்தம் 2011 வரை காத்திருந்தது.

இந்தியாவில் நிலைமை என்ன?

வரி விஷயத்தில் அடித்தளம் உறுதியானது. சட்டத்தின் அதிகாரம் இன்றி எந்த வரியும் விதிக்கக் கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 265-ஆம் உறுப்பு. ஆனால் அந்தச் சட்டங்களே அரசுக்கு அகலமான இடம் விட்டிருக்கின்றன. 1962-ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தின் 25-ஆம் பிரிவின் கீழ் ஓர் அறிவிக்கை மூலம் வரியிலிருந்து விலக்கு அளிக்கலாம். 1975-ஆம் ஆண்டு சுங்கக் கட்டணச் சட்டத்தின் 8ஏ பிரிவின் கீழ் அவசரமாக வரியை உயர்த்தலாம். 2019 பிப்ரவரியில் புல்வாமா தாக்குதலுக்குப் பின் பாகிஸ்தான் பொருட்கள் மீது 200 சதவீத வரி விதிக்கப்பட்டது அதன்படிதான். 2022 மே மாதத்தில் கோதுமை ஏற்றுமதியும், 2023 ஜூலையில் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியும் நிறுத்தப்பட்டது வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தின் அறிவிக்கையால்.

ஒப்பந்தங்களில் நிலைமை வேறு. அங்கே நாடாளுமன்றத்தின் ஒப்புதல் தேவையே இல்லை. ஒப்பந்தங்களை நிறைவேற்றச் சட்டம் இயற்றும் அதிகாரத்தை 253-ஆம் உறுப்பு நாடாளுமன்றத்துக்குக் கொடுக்கிறது. ஒப்பந்தம் செய்யும் முன் அவையைக் கேட்க வேண்டும் என்று எந்த உறுப்பும் சொல்லவில்லை. குடிமக்களின் உரிமையைப் பாதித்தாலோ இருக்கும் சட்டத்தை மாற்ற வேண்டியிருந்தாலோதான் சட்டம் தேவை என்று 1969-இல் மகன்பாய் படேல் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. வெளிநாட்டு ஒப்பந்தங்களைப் பற்றி நாடாளுமன்றமே சட்டம் இயற்றலாம் என்று மத்தியப் பட்டியலின் 14-ஆம் பதிவு அனுமதிக்கிறது. அப்படி ஒரு சட்டம் இயற்றுங்கள் என்று அரசியல் சட்டச் செயல்பாட்டை ஆராய்ந்த தேசிய ஆணையம் 2002-இல் பரிந்துரைத்தது. இன்றுவரை இயற்றப்படவில்லை.

ஆகவே ஆசியான் ஒப்பந்தத்தில் 2009-இல் கையெழுத்திட்டதும் அரசின் முடிவு. ரப்பர், மிளகு விவசாயிகளுக்காகக் கேரளம் எதிர்த்தும் 2010 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. 2019 நவம்பரில் பாங்காக்கில், ஆசிய-பசிபிக் நாடுகளின் வர்த்தக ஒப்பந்தமான ஆர்செப்பிலிருந்து விலகியதும் அரசின் முடிவுதான். இரண்டாவது பலருக்குப் பிடித்திருக்கலாம். அதற்கும் வாக்கெடுப்பு இல்லை.

அரசு கையெழுத்திட்ட பிறகு நாடாளுமன்றம் மறுத்தால்?

இந்தியாவில் அது நடந்திருக்கிறது. 1994 ஏப்ரலில் மராகேஷில் உலக வர்த்தக அமைப்பு ஒப்பந்தத்தில் அரசு கையெழுத்திட்டது. மருந்துகளுக்கான காப்புரிமை விண்ணப்பங்களை 1995 ஜனவரி 1 முதல் வாங்கி வைக்க வேண்டும் என்பது அதில் ஒரு கடமை. அதற்கு 1970-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தைத் திருத்த வேண்டும். அரசு ஆண்டின் கடைசி நாளில் அவசரச் சட்டம் பிறப்பித்தது. அது சில மாதங்களில் காலாவதியானது. மசோதா மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவையில் தேர்வுக் குழுவுக்குப் போய், 1996-இல் மக்களவை கலைந்தபோது அதோடு மறைந்தது.

விண்ணப்பங்களை வாங்கி வைக்கும்படி காப்புரிமை அலுவலகங்களுக்கு நிர்வாக உத்தரவு கொடுத்திருக்கிறோம், அது போதும் என்று ஜெனீவாவில் அந்த அமைப்பின் முன் அரசு வாதாடியது. அமெரிக்கா தொடுத்த அந்த வழக்கில் 1997-இல் இந்தியா தோற்றது. தோற்ற காரணம் யோசிக்க வைப்பது: நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்துக்கு முரணான நிர்வாக உத்தரவு இந்திய நீதிமன்றங்களில் நிலைக்காது, ஆகவே அதை நம்ப முடியாது என்றார்கள். நாடாளுமன்றத்தைச் சுற்றிப் போக முயன்ற வழியை, நாடாளுமன்றமே மேலானது என்று சொல்லி வெளிநாட்டு நடுவர்கள் மூடினார்கள். கடைசியில் 1999-இல் சட்டம் திருத்தப்பட்டது. ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் அவை 'மறுத்தது' எதையும் தடுக்கவில்லை. மசோதா வரும்போது கைகள் ஏற்கெனவே கட்டப்பட்டிருந்தன. கையெழுத்துக்கு முன் கேட்காத கேள்வியைப் பின்னால் கேட்டால் இந்த அளவுக்குத்தான் பயன்.

பிரிட்டன்தானே நாடாளுமன்றங்களின் தாய்? அங்கே எப்படி?

எதிர்பார்ப்பதைவிடக் குறைவு. 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசு ஒப்பந்தத்தை அவையில் வைத்து 21 அமர்வு நாட்கள் காத்திருக்க வேண்டும். பொது அவை எதிர்த்துத் தீர்மானம் போட்டால் ஒப்புதலைத் தள்ளிப்போடலாம். தீர்மானம் போட அவைக்கு நேரம் வேண்டும்; அவை நேரத்தை ஒதுக்குவது அரசு. ஆஸ்திரேலிய ஒப்பந்தத்துக்கான 21 நாட்கள் 2022-இல் பொது அவையில் விவாதமே இல்லாமல் கழிந்தன. இங்கே மௌனம் அரசுக்குச் சம்மதம்.

ஆனாலும் 2025 ஜூலை 24 அன்று கையெழுத்தான இந்திய-பிரிட்டன் ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே அது அவையின் முன் 21 நாட்கள் கிடந்தாக வேண்டும். இங்கே அமைச்சரவையின் ஒப்புதல் போதும். ஒரே காகிதம்தான்.

ஐரோப்பிய ஒன்றியத்தில்?

2009-இல் லிஸ்பன் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்ததிலிருந்து ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் சம்மதம் இன்றி வர்த்தக ஒப்பந்தம் இல்லை. அந்த உரிமையை அது பயன்படுத்தவும் செய்தது: போலிப் பொருள் தடுப்பு வர்த்தக ஒப்பந்தத்தை 2012 ஜூலையில் 478-39 என்று நிராகரித்தது. ஒன்றியத்தின் நிர்வாகக் கிளையான ஐரோப்பிய ஆணையம் பேச்சுவார்த்தை நடத்தும்போதே அவையின் வர்த்தகக் குழுவுக்கு நிலைமையைச் சொல்லி வர வேண்டும் என்பது இன்னும் முக்கியம். இங்கே மௌனம் என்றால் மறுப்பு.

மறுபக்கமும் உண்டு. 2016 அக்டோபரில், சுமார் 36 லட்சம் மக்கள் கொண்ட பெல்ஜியத்தின் வலோனியா மண்டல அவை, கனடாவுடனான ஒப்பந்தத்தைக் கிட்டத்தட்ட இரண்டு வாரங்கள் நிறுத்தி வைத்தது. ஐம்பது கோடி மக்களின் ஒப்பந்தத்தை இவ்வளவு சிறிய அவை நிறுத்தலாமா என்று பலர் கொதித்தார்கள். அந்தச் சிறிய அவைதான் ஒப்பந்தத்தின் முதலீட்டுத் தகராறு அத்தியாயத்தை விவாதத்துக்கு இழுத்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மக்களே நேரடியாக வாக்களிக்கும் நாடு உண்டா?

சுவிட்சர்லாந்து. இந்தோனேசியாவுடனான ஒப்பந்தத்தை 2021 மார்ச்சில் 51.6 சதவீத மக்கள் ஏற்றார்கள். பாமாயில் பற்றிய நிபந்தனைகள் ஒப்பந்தத்தில் இருந்தும் இவ்வளவு நெருக்கம்.

பேச்சுவார்த்தைக்கு ரகசியம் வேண்டாமா? அவையில் எல்லாவற்றையும் சொன்னால் எதிர்த்தரப்பும் கேட்டுவிடுமே?

சரியான கேள்வி. எந்தப் பொருளில் எவ்வளவு விட்டுக்கொடுப்போம் என்ற கடைசி எல்லையை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆனால் எதைப் பற்றிப் பேசப் போகிறோம், எதைத் தொடவே மாட்டோம் என்பது ரகசியம் அல்ல. என் அமைச்சரவை ஒப்புக்கொண்டாலும் அவை விடாது என்று சொல்ல முடிகிற பேச்சாளருக்கு மேசையில் பலம் கூடும், குறையாது. பால்பண்ணை விவசாயிகளைக் காக்க வேண்டும் என்பது ஓர் அமைச்சரின் வாக்குறுதியாக மட்டும் இருந்தால் எதிர்த்தரப்பு அழுத்திப் பார்க்கும். அதுவே நாடாளுமன்றத்தின் தீர்மானமாக இருந்தால் அழுத்துவதில் பயனில்லை என்று அதற்கே தெரியும்.

இழந்ததைத் திரும்பப் பெற ஏதாவது முயற்சி நடந்திருக்கிறதா?

2023-இல் தைவானுடன் பைடன் அரசு ஒரு வர்த்தக ஒப்பந்தம் செய்து, இதற்குக் காங்கிரஸ் ஒப்புதல் வேண்டாம் என்றது. காங்கிரஸ் தானாகவே ஒரு சட்டம் இயற்றி ஒப்புதல் அளித்தது. அடுத்த கட்டப் பேச்சுகளின் வரைவுகளைத் தனக்குக் காட்ட வேண்டும் என்றும் அதில் எழுதியது. வேண்டாத ஒப்புதலை வலிந்து கொடுப்பது வேடிக்கையாகத் தெரியலாம். ஒப்புதல் கொடுப்பது யாருடைய உரிமை என்பதைப் பதிவு செய்ய அவர்களுக்குக் கிடைத்த வழி அதுதான்.

இன்னும் கூர்மையானது 2025 ஏப்ரலில் வந்தது. குடியரசுக் கட்சியின் சக் கிராஸ்லியும் ஜனநாயகக் கட்சியின் மரியா கான்ட்வெல்லும் சேர்ந்து செனட்டில் ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். அதிபர் புதிய வரி விதித்தால் 48 மணி நேரத்தில் காங்கிரஸுக்குக் காரணம் சொல்ல வேண்டும். 60 நாட்களுக்குள் காங்கிரஸ் ஒப்புதல் தராவிட்டால் அந்த வரி தானாக விழும். 1934-இன் பழைய ஒழுங்கு, புதிய சொற்களில். அதைத் தடுப்போம் என்று வெள்ளை மாளிகை உடனே அறிவித்தது. அதிபரின் தடையை மீற ஒவ்வொரு அவையிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்ற பழைய கணக்கு அங்கேயும் காத்திருந்தது. மசோதா சட்டமாகவில்லை.